"கூட யார் வந்திருக்காங்க?" – புராஸ்டேட் சிகிச்சைக்குத் தனி ஆளாகப் போகிறேன்

ஊசிநூல் | பாலக்கோடு | ஞாயிறு இரவு 11.20

வணக்கம். வயது 63. பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மனைவி தவறி நாலு வருடம் ஆகிறது. ஒரே மகள், மஸ்கட்டில். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம், அதனால் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று ஆறு மாதம் ஓட்டினேன். ரத்தம் பார்த்தால் சர்க்கரை இல்லை. புராஸ்டேட் சுரப்பிக்கென்று பார்க்கிற பிஎஸ்ஏ அளவுதான் 31, அதிகமாம். பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. புராஸ்டேட்டில் புற்றுநோய். அதன் தீவிரத்தைச் சொல்கிற கிளீசன் எண் 8. எலும்புக்குப் போகவில்லை. ஹார்மோன் ஊசி ஒன்று போட்டிருக்கிறார்கள், அது இரண்டு வருடம் தொடருமாம். இரண்டு மாதம் கழித்து வேலூரில் 20 நாள் ரேடியேஷன்.

நோயைப் பற்றி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். என் சங்கடம் வேறு. பயாப்ஸி அன்று கவுண்டரில், "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். ஆள் இல்லாமல் எடுக்க மாட்டோம், நாளைக்கு வாருங்கள் என்று ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, வாணியம்பாடிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது, "நான் இவருக்கு அக்கா, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுப் போட்டுவிட்டுப் போனார். முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

20 நாளும் அக்கா கிடைப்பாரா?

தம்பி ஒருத்தன் மாரண்டஹள்ளியில் இருக்கிறான். வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. கடைப் பையனிடம் மூட்டுவலிக்கு ஊசி என்று சொல்லியிருக்கிறேன். நோய் வந்த இடம் அப்படி. தொண்டை, நெஞ்சு என்றால் வாய்விட்டுச் சொல்லலாம். தனியாகப் போய் முடித்து வந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | ஞாயிறு இரவு 11.52

தூக்கம் வராத இன்னொரு ஆள் இங்கே இருக்கிறேன். வயது 69. 2019-இல் ஆபரேஷன், சுரப்பியை மொத்தமாக எடுத்தாயிற்று. மனைவி இருக்கிறாள், ஆனால் முழங்கால் வலி, வாசற்படி தாண்ட மாட்டாள். மகன் வந்து அட்மிட் பண்ணிவிட்டு மூன்றாம் நாள் லீவு முடிந்தது என்று கிளம்பிவிட்டான். பாதித் தனி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணை வேண்டும், துணை வேண்டும் என்று மொத்தமாக நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். எந்த நாளில், எந்த நேரத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது ஐந்து இடம்தான் வந்தது. மயக்க மருந்து கொடுத்த அன்று. மூத்திர டியூபோடு ஊருக்கு வந்த அன்று. அதை எடுக்கப் போன அன்று. ரிப்போர்ட் கேட்கப் போன அன்று, ஏனென்றால் டாக்டர் சொல்வதில் முதல் வரிக்கு மேல் காதில் ஏறாது. அப்புறம் வீட்டில் முதல் ராத்திரி.

ஐந்துக்கும் ஒரே ஆள் வேண்டியதில்லை. டியூப் எடுக்கப் போனபோது கூட வந்தவன் எங்கள் மண்டியில் மாங்காய் எடை போடும் பையன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூத்திரப் பையை ஒரு மஞ்சப்பைக்குள் வைத்து, கிருஷ்ணகிரி வரைக்கும் முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு வந்தான். தூக்கிப் பிடிக்காதே, கீழே தொங்கவிடு என்று நர்ஸ் சொன்னதை அவன்தான் ஞாபகம் வைத்திருந்தான். நான் மறந்துபோயிருந்தேன்.


சந்தைக்கடை | போச்சம்பள்ளி | திங்கள் காலை 5.30

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். அந்த ஹார்மோன் ஊசி ஆண்மையையே எடுத்துவிடும். எங்கள் மாமா பாதியில் நிறுத்திவிட்டு தினமும் காலையில் நெல்லிக்காய்ச் சாறு குடித்தார். நன்றாக இருக்கிறார். யோசித்து முடிவு எடுங்கள்.


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | திங்கள் காலை 5.41

தம்பி, அதியமானே நெல்லிக்கனியை ஔவைக்குத்தான் கொடுத்தான். புராஸ்டேட் இல்லாத ஆளாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறான், கவனி.


நைட்டூட்டி | தர்மபுரி | திங்கள் காலை 6.15

ஊசிநூல் ஐயா, நான் நர்ஸ். ரேடியேஷன் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தைக்கடை அண்ணாவுக்கு. நெல்லிக்காய் நல்லதுதான், சாப்பிடட்டும். ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்தப் புற்றுநோய் வளர ஆண் ஹார்மோன் தீனி மாதிரி. ஊசி அந்தத் தீனியை நிறுத்துகிறது, அப்போது ரேடியேஷனும் நன்றாக வேலை செய்கிறது. ஆசை குறையும் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஊசி முடிந்தபின் பலருக்கு மெதுவாகத் திரும்பும், எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது. உடம்பு திடீரென்று கொதித்து வேர்க்கும், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற காலத்தில் வருவதுபோல. அசதி வரும், வயிறு போடும், எலும்பு பலம் குறையும். ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் என்னிடம், "காரணமே இல்லாம அழுகை வருதும்மா, டிவி விளம்பரத்துக்கு அழறேன்" என்றார். அதுவும் ஊசியின் வேலைதான், மனசு பலவீனம் இல்லை. தினமும் நடங்கள். கொஞ்சம் எடை தூக்குகிற பயிற்சியும் வேண்டும், தையல் மெஷின் மிதிப்பது கணக்கில் வராது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கூட ஆள் என்ற விஷயம். உங்கள் உடம்புக்குச் சம்மதக் கையெழுத்து நீங்களே போடலாம். மயக்க மருந்து கொடுக்கிற நாளில் ஆள் கேட்பார்கள், அது நியாயம். ரேடியேஷனுக்கு மயக்கம் கிடையாது, வலி கிடையாது. தினமும் மெஷினில் பத்து, பதினைந்து நிமிடம், அதில் கதிர் வருவது சில நிமிடம்தான். எழுந்து நடந்து வந்துவிடலாம். கவுண்டரில் மறுபடி கேட்டால், சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தனியாக வருகிறேன் என்று அவர்கள் மூலம் ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் தினம் ஒரு விசாரணை இருக்காது. தங்க இடம், பண உதவி எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள்.

உண்மையில் தனி ஆளைப் படுத்துவது தண்ணீர்தான். ஒவ்வொரு நாளும் மலம் கழித்திருக்க வேண்டும், மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிடும், பையிலும் பெரும்பகுதி கதிருக்கு வெளியே போய்விடும். முதலில் மூத்திரம் போய்விட்டு, அவர்கள் சொல்கிற அளவு குடித்துவிட்டு அடக்கி உட்கார வேண்டும். பெரும்பாலும் அரை லிட்டர், முக்கால் மணி நேரம். ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோக நினைக்காதீர்கள். அடக்கிக்கொண்டு மெஷினுக்காகக் காத்திருக்கலாம், ஆம்பூர் டிராஃபிக்கில் முடியாது. நடந்துபோகிற தூரத்தில் அறை எடுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் எரிச்சல், அடிக்கடி போவது, வயிற்றுப்போக்கு வரலாம். முடித்தபின் சில வாரத்தில் பெரும்பாலும் அடங்கும்.

மூத்திரம் அறவே நின்றுபோனாலோ, முதுகில் புதிதாகக் கடும் வலி வந்து கால் பலமிழந்தாலோ காத்திருக்காதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள்.

ஸ்டாப்பிங் வந்துவிட்டது. அப்புறம் எழுதுகிறேன்.


ஓசூர்ஷிஃப்ட் | ஓசூர் | திங்கள் மாலை 4.05

அப்பாவுக்குப் பெங்களூரில் இதே சிகிச்சை நடந்தது. எனக்கு கம்பெனியில் ஏ ஷிஃப்ட், முதல் பத்து நாள் அவர் தனியாகத்தான் போனார். குற்ற உணர்ச்சியோடு பதினோராம் நாள் லீவு போட்டுக் கூடப் போனால், அங்கே அவருக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. ரேடியேஷனுக்குத் தினமும் ஒரே நேரம் கொடுப்பதால் அதே ஆட்கள்தான் வருவார்கள். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். என்னை, "இவன்தான் என் பையன், ஷிஃப்டுக்காரன்" என்று அறிமுகப்படுத்திவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். என் லீவு வீண்.

அப்புறம் பணம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஒற்றை ஆள் ரேஷன் கார்டும் குடும்பம்தான். எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று 1800 425 3993-இல் கேட்டுவிட்டு அட்மிஷன் போடுங்கள். நாங்கள் போட்டபின் கேட்டோம், கை சுட்டது.

ரயிலில் போவதாக இருந்தால் புற்றுநோய்க்காரர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். தர்மபுரியிலிருந்து வேலூருக்கு பஸ்தான் வசதி, ஆனாலும் பின்னால் எங்காவது போக வேண்டி வந்தால் உதவும்.


அணைக்கரை | கிருஷ்ணகிரி | திங்கள் இரவு 9.30

எல்லோரும் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசுகிறீர்கள். மகளிடம் சொல்லாததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் அப்பா எனக்குக் குழந்தை பிறக்கட்டும் என்று மறைத்தார். அப்புறம் குழந்தைக்கு மொட்டை போடட்டும் என்று மறைத்தார். தெரிந்தபோது எனக்கு வந்தது கோபம்தான், இன்னும் ஆறவில்லை. சொல்லிவிடுங்கள் ஐயா.


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | திங்கள் இரவு 9.48

ஏழாம் மாதம், கடல் தாண்டி இருக்கிற பெண்ணம்மா. கேட்டுவிட்டு அங்கே உட்கார்ந்து என்ன செய்வாள்? நானாக இருந்தால் பிரசவம் வரை பொறுப்பேன்.


அணைக்கரை | கிருஷ்ணகிரி | திங்கள் இரவு 9.55

என்ன செய்வாளா? தினமும் போன் பண்ணி "தண்ணி குடிச்சீங்களாப்பா" என்று கேட்பாள். அது போதாதா? நீங்கள் உங்கள் மகனை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் எடை போடாதீர்கள்.


நைட்டூட்டி | தர்மபுரி | செவ்வாய் காலை 6.20

மகள் விஷயம் உங்கள் முடிவு. மருமகனிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாம், எப்போது சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும்.

தம்பியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அது உங்களுக்காக இல்லை. அண்ணனுக்கு வந்திருந்தால் தம்பிக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 45 தாண்டியிருந்தால் டாக்டரிடம் பேசி பிஎஸ்ஏ பார்த்துக்கொள்வது நல்லது. வரப்பைப் பற்றிப் பேச வேண்டாம், ரத்தப் பரிசோதனையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ராத்திரியில் மனசு ஒரு மாதிரி ஆனால் 14416, மனநல ஆலோசனை, எந்நேரமும் எடுப்பார்கள். முதியோர் உதவிக்கு 14567, அது பகல் நேரத்தில். மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் பகுதிக்கும் உண்டு. 2021 ஆகஸ்டில் நம் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள். ஊசி போடுகிற இரண்டு வருடமும் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆள் மாதாமாதம் கதவைத் தட்டினாலே பாதி தைரியம்.


ஊசிநூல் | பாலக்கோடு | செவ்வாய் இரவு 10.40

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மாங்கொட்டை அண்ணா சொன்னபடி அளவு நோட்டின் கடைசித் தாளில் எழுதினேன். எனக்கு மூன்று இடம்தான் வந்தது. ரேடியேஷனுக்கு முன் அளவெடுக்கிற ஸ்கேன் அன்று, முதல் நாள், கடைசி நாள். கடைசி நாளுக்கு ஏன் ஆள் வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | செவ்வாய் இரவு 10.44

அடிக்காதீர்கள். கடைசி நாளுக்கு நான் வருகிறேன்.


ஊசிநூல் | பாலக்கோடு | ஏழு வாரம் கழித்து, சனி மாலை 6.00

இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும்.

தம்பிக்குப் போன் பண்ணினேன். "உனக்கு இப்ப எத்தனை வயசுடா?" என்றேன். "அம்பத்தெட்டு, ஏன்?" என்றான். பிஎஸ்ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. "உனக்கு எடுத்தாங்களா?" என்றான். எடுத்தார்கள் என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஸ்கேன் அன்று விடியற்காலை கடை ஷட்டர் முன்னால் டிவிஎஸ் எக்ஸெல் நிற்கிறது. முன்னால் ஒரு பையில் ராகி மாவு. என்னை தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய், வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அவனும் பஸ் ஏறினான். கிருஷ்ணகிரி தாண்டும் வரை ஒரு வார்த்தை இல்லை. அங்கே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு" என்றான். பிஎஸ்ஏ. வரப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது அப்படியே இருக்கிறது.

மருமகனிடம் சொல்லியாயிற்று. அவர் அன்று ராத்திரியே மகளிடம் சொல்லிவிட்டார். அணைக்கரை அம்மா சொன்னது அப்படியே நடக்கிறது, காலை எட்டரைக்கு வீடியோவில் வந்து பாட்டிலைக் காட்டச் சொல்கிறாள். கடைப் பையனிடம் மட்டும் இன்னும் மூட்டுவலிதான்.

நேற்றோடு ஐந்து நாள் முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து ஊருக்கு வந்து இரண்டு நாள் தைக்கிறேன். வேலூரில் சமைத்துக்கொள்கிற மாதிரி ஒரு அறை, வாடகை அடுப்பு. களி கிண்டினேன், பக்கத்து அறை வங்காளிக்காரர் வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார். மறுநாள் அவரும் ஒன்பதரை மணி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் பாஷை தெரியாது. எட்டே முக்காலுக்குச் சுவரைத் தட்டுவார், நான் குடிக்க ஆரம்பிப்பேன். சித்தூர்க்காரர் ஒருத்தர் தெலுங்கில் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார். புதன்கிழமை மெஷின் நின்றுவிட்டது. நாங்கள் நாலு பேர் வயிறு முட்டத் தண்ணீரோடு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் வம்பு. இருபதாவது நிமிடம் சித்தூர்க்காரர் எழுந்து ஓடினார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம். மறுபடி முதலிலிருந்து அரை லிட்டர்.


ஓசூர்ஷிஃப்ட் | ஓசூர் | சனி மாலை 6.20

படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். "எங்க செட்ல மூணு தடவை நின்னுது" என்கிறார், பெருமையாக.


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | சனி இரவு 8.15

கடைசி நாள் தேதியைச் சொல்லுங்கள். மண்டியில் சீசன், முன்கூட்டிச் சொன்னால்தான் வர முடியும்.

இன்னொன்று, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் இருமினால், மூட்டை தூக்கினால் எனக்குச் சொட்டும். மூத்திரத்தை அடக்குகிற தசையை இறுக்கி விடுகிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், முக்கால்வாசி சரியாயிற்று, மீதி அப்படியே. கடையில் விற்கிற பெரியவர்கள் டயப்பர் விலையும் கட்டுப்படியாகவில்லை, வெயிலில் புண்ணாகிறது. கறுப்பு லுங்கியே கட்டுகிறேன். வேலூருக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வர யோசனையாக இருக்கிறது, அதுதான் விஷயம்.


ஊசிநூல் | பாலக்கோடு | சனி இரவு 8.40

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா. உள்ளாடையில் முன்பக்கம் பை வைத்துத் தைத்துவிடலாம். தோலில் படுகிற பக்கம் பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு, புதுத் துணி உறுத்தும். நடுவில் துண்டுத் துணி, அதுதான் உறிஞ்சும். வெளிப்பக்கம் மழைக்கோட்டுத் துணி ஒரு பட்டை, வேட்டி நனையாது. உள்துணியைத் தனியாக எடுத்துத் துவைக்கிற மாதிரி மேலே திறப்பு விடுகிறேன். பட்டன் வேண்டாம், உட்கார்ந்தால் குத்தும், நாடா வைக்கிறேன். ஆறு தைத்தால் மாற்றிக் கட்டச் சரியாக இருக்கும்.

இடுப்பு அளவு என்ன? தொப்புளுக்குக் கீழே, மூச்சை இழுக்காமல் எடுங்கள்.


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | சனி இரவு 8.52

38.


மாங்கொட்டை | காவேரிப்பட்டணம் | சனி இரவு 8.53

சரி, 40.